சொந்தக் காசில் ஊட்டிக்கு வந்து தெருநாய்க்கு ஆபரேஷன் செய்யும் வெளிநாட்டு டாக்டர்கள்! காரணம் என்ன?

ஊட்டி:

ஊட்டிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பொட்டானிக்கல் கார்டன் பார்ப்பார்கள், மலை ரெயிலில் ஏறுவார்கள், வர்க்கி வாங்கித் தின்பார்கள். ஆனால் அவர்களில் ஒரு சிலர் மட்டும் இதையெல்லாம் விட்டுவிட்டு, காலையிலேயே கையுறை மாட்டிக்கொண்டு தெருநாய்களுக்கு ஆபரேஷன் செய்யப் போய்விடுகிறார்கள். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் அவர்கள் கைக்காசு!

"காசு கொடுத்து வந்து நாய்க்கு வைத்தியமா? அவங்க ஊர்ல நாயே இல்லையா?" என்று டீக்கடையில் கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப் போனால் ஊட்டியில் தொடங்கி கோவா, ஆப்பிரிக்கா என்று போய், கடைசியில் நம் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் தெருநாயில் வந்து நிற்கும்.

இது குறித்த விவரம் வருமாறு:-

இங்கிலாந்தைச் சேர்ந்த கால்நடை டாக்டர் லூக் கேம்பிள். இவர் 2003-ல் 'வேர்ல்டுவைடு வெட்டினரி சர்வீஸ்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கால்நடை டாக்டர் இல்லாத, இருந்தாலும் மருந்து வாங்க வழியில்லாத ஏழை ஊர்களுக்கு, விருப்பப்பட்டு வரும் டாக்டர்களையும் நர்சுகளையும் மருந்துப் பெட்டிகளோடு அனுப்பி வைப்பதுதான் இதன் வேலை.

நீலகிரியில் அதற்கு முன்பே ஒரு கூட்டாளி இருந்தது. மசினகுடி பக்கம் மாவனல்லாவில், இங்கிலாந்துக்காரரான நைஜல் ஓட்டர் தொடங்கிய 'ஐபன்' என்ற விலங்கு நல அமைப்பு. சுமை தூக்கித் தேய்ந்துபோன கழுதைகள், கைவிடப்பட்ட குதிரைகள், அடிபட்ட நாய்கள் என்று எது வந்தாலும் பார்ப்பார்கள். இந்த இரண்டும் கைகோத்து 2010-ல் ஊட்டியில் ஒரு பன்னாட்டுப் பயிற்சி மையத்தைத் தொடங்கின. நம்மூர் டாக்டர்களும் இங்கே பழகுகிறார்கள், வெளிநாட்டு டாக்டர்களும் கல்லூரி மாணவர்களும் வந்து பழகுகிறார்கள்.

வந்து பழகுகிறார்களா, உதவி செய்கிறார்களா? இரண்டும்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவம் படிப்பவர், படிப்பு முடிவதற்குள் கல்லூரிக்கு வெளியே வாரக்கணக்கில் வேலை பழகியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு நாய்க்கும் ஒரு எஜமான் உண்டு. எஜமான் பார்த்துக் கொண்டிருக்கும்போது மாணவன் கையில் கத்தியைக் கொடுக்க யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். அதோடு அந்த நாட்டில் நாய்களிடம் வெறிநோய் 1922-லேயே ஒழிந்துவிட்டது. அங்கே காலம் பூராவும் தொழில் பார்த்த டாக்டர்கூட ஒரு வெறிநாயைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். நமக்குப் பெரிய தலைவலியாக இருப்பது, அவர்களுக்குப் பாடம்!

தெருநாய் ஆபரேஷன் லேசானதல்ல

வீட்டு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தால், பத்து நாள் கழித்து எஜமானே தையல் பிரிக்கக் கூட்டி வருவார். புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி விடுவார். மாத்திரை கொடுப்பார். தெருநாய்க்கு யார் இருக்கிறார்கள்? சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிடித்த அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை. விட்ட மறுநாளே அது குப்பைத் தொட்டியில் புரளும், இன்னொரு நாயோடு சண்டை போடும், மழையில் நனையும்.

அதனால் வெட்டு சின்னதாக இருக்க வேண்டும். தையல் வெளியே தெரியாமல், பிரிக்கவும் தேவையில்லாமல், தானாகவே கரைந்து போக வேண்டும். வலி தெரியாமல் இருக்க ஊசி வேண்டும். ஒரு நாய்க்குப் பயன்படுத்திய கத்தி, கத்தரிக்கோலைக் கொதிகலனில் வைத்துச் சுத்தம் செய்யாமல் அடுத்த நாயைத் தொடக் கூடாது. இதில் எதைக் கோட்டை விட்டாலும் வயிறு பிரிந்து, புழு வைத்து, தெருவோரத்தில் அந்த நாய் செத்துக் கிடக்கும். அதைப் பார்க்கும் தெரு ஜனங்கள் அடுத்த முறை நாய் வண்டி வந்தால் விட மாட்டார்கள். பல ஊர்களில் அவசரகதியில் நடந்த முகாம்களில் இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

ஊட்டி மையத்தில் சொல்லிக் கொடுப்பது முக்கியமாக இதைத்தான். வேகமாகவும் செய்ய வேண்டும், சுத்தமாகவும் செய்ய வேண்டும். மயக்கம் கொடுப்பது முதல் கடைசித் தையல் வரை பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நின்றுகொண்டே இருப்பார்.

பத்து நாய்க் கணக்கு

கருத்தடை ஒரு பக்கம். அதைவிட அவசரமானது வெறிநாய்க்கடித் தடுப்பூசி. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் வெறிநோயால் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்! மனிதனுக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய் மூலமாகத்தான் வருகிறது. சந்தேகத்துக்குரிய மிருகங்களிடம் கடிபடுபவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் 4.8 லட்சம் பேரை நாய் கடித்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டில் வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். கடித்த பிறகு மனிதனுக்கு ஊசி போடுவது ஒரு வழி. கடிப்பதற்கு முன்பே நாய்க்கு ஊசி போட்டுவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழிதான் மலிவு. நோயின் வேரையே அறுப்பதும் அதுதான்.

எல்லா நாய்க்கும் போட்டாக வேண்டும் என்பதில்லை. நூற்றுக்கு 70 நாய்க்குப் போட்டால் போதும், நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள் நிபுணர்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தெருவில் பத்து நாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு நாய்க்கு ஊசி போட்டாச்சு. அடுத்த வருஷத்துக்குள் அந்த ஏழில் இரண்டு லாரியில் அடிபட்டுச் செத்துவிடும். எங்கிருந்தோ இரண்டு குட்டி புதிதாக வந்து சேரும். இப்போதும் அதே பத்து நாய்தான். ஆனால் ஊசி போட்டது ஐந்துதான். எழுபது, ஐம்பது ஆகிவிட்டது! ஆகவே வருஷா வருஷம் போட்டால்தான் பலன். ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் நடக்காது.

வலையும் பெயிண்டும்

2013 செப்டம்பரில் இதே நிறுவனம் 'மிஷன் ரேபிஸ்' என்ற பெயரில் இந்தியாவில் பெரிய அளவில் இறங்கியது. பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்தார்கள். உள்ளூர் விலங்கு நல அமைப்புகளோடு சேர்ந்து பல நகரங்களில் ஒரு மாதம் சுற்றினார்கள். உள்ளேயே ஆபரேஷன் செய்யும் வசதி கொண்ட லாரி ஒன்றும் கூடவே போனது. அந்த ஒரு மாதத்தில் ஊசி போட்ட நாய்கள் 50 ஆயிரத்துக்கும் மேல்.

வேலை நடக்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். பட்டாம்பூச்சி பிடிக்கும் வலை போல நீளக் கைப்பிடி வைத்த பெரிய வலை. நாய் பிடிக்கும் ஆள் அதை லாவகமாக வீசி நாயை அமுக்குவார். ஒருவர் ஊசி போடுவார். இன்னொருவர் நாயின் மேல் பெயிண்டால் அடையாளம் வைப்பார். வேறொருவர் செல்போனில் இடம், நேரம், ஆண் நாயா பெண் நாயா என்று பதிவு செய்வார். வலையைத் திறந்தால் நாய் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். ஒரு நாய்க்கு ஒரு சில நிமிஷம், அவ்வளவுதான்.

முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஊசி போட்டு முடித்த தெருக்களில் மறுபடியும் ஒரு குழு சுற்றி வரும். பெயிண்ட் உள்ள நாய் எத்தனை, இல்லாத நாய் எத்தனை என்று எண்ணும். 70 சதவீதம் தேறாவிட்டால் மறுபடியும் வலையோடு அதே தெருவுக்குப் போக வேண்டியதுதான். ராஞ்சியில் இந்த முறையைச் செய்து பார்த்து, ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். "நாங்க இத்தனை ஊசி போட்டோம்" என்று கணக்குக் காட்டுவது சுலபம். போடாமல் விட்டது எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைச்சல்.

கோவாவில் என்ன நடந்தது?

இதில் பெரிய வெற்றி கோவாவில் கிடைத்தது. அந்த மாநில அரசும் மிஷன் ரேபிசும் சேர்ந்து வருஷம் தவறாமல் ஊசி போட்டார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நாய்க்கடி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெறி பிடித்த மாதிரி நாய் தெரிந்தால் போன் செய்ய ஒரு எண் வைத்தார்கள். விளைவு, நாய்களிடம் வெறிநோய் 92 சதவீதம் குறைந்ததாக 2022-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை சொல்கிறது. முன்பெல்லாம் வருஷா வருஷம் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த அந்த மாநிலத்தில், 2018 முதல் 2021 வரை ஒருவர்கூட வெறிநோயால் சாகவில்லை. நாட்டிலேயே முதன்முதலாக வெறிநோயைக் கட்டுப்படுத்திய மாநிலம் என்ற பெயர் 2021-ல் கோவாவுக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவாவுக்கும் வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்தார்கள், இரண்டு வாரம் இருந்தார்கள், போனார்கள். ஆனால் வருஷத்தின் மற்ற நாட்களில் வெயிலிலும் மழையிலும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் நம் நாட்டு ஆட்கள். வெற்றிக்குக் காரணம் அவர்கள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆப்பிரிக்காவில் வேறு மாதிரி

அடுத்து 2015-ல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்குப் போனார்கள். உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. அங்குள்ள பிளான்டையர் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில், வெறிநோய் வந்து செத்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆப்பிரிக்காவிலேயே வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத அளவு இருந்தது. அங்கே நிலைமை வேறு. தெருவில் திரிந்தாலும் பெரும்பாலான நாய்க்கு ஒரு வீடு உண்டு. அதனால் வலைக்கு வேலை குறைவு. பள்ளிக்கூடம், மைதானம் என்று ஒரு இடத்தைச் சொல்லிவிட்டால், சின்னப் பையன்கள் கயிறு கட்டி நாயை இழுத்து வந்து வரிசையில் நிற்பார்கள். வராத வீடுகளுக்குத் தொண்டர்கள் நேரில் போனார்கள். 20 நாளில் 35 ஆயிரத்துக்கும் அதிகமான நாய்களுக்கு ஊசி போட்டாச்சு! அதன்பிறகு அந்த நகரத்துப் பிள்ளைகளிடம் வெறிநோய்ச் சாவு வெகுவாகக் குறைந்தது.

மெட்ராசில் பிறந்த யோசனை

வெளிநாட்டுக்காரர்கள் வந்து செய்வதால், இது அவர்கள் ஊர்ச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தெருநாயைக் கொல்லாமல், கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் திட்டத்தை 1964-லேயே மெட்ராசில் தொடங்கியது ப்ளூ கிராஸ். அப்போதெல்லாம் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லக் கொல்ல நாய் குறையவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்தது, குட்டி போட்டது. 1996-ல்தான் சென்னை மாநகராட்சி கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. 2001-ல் இதற்கென மத்திய அரசு விதிகள் வந்தன. 2023-ல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆக, இங்கிலாந்துப் பெண் ஒருத்தி ஊட்டியில் நின்று கற்றுக்கொள்வது, ஒரு வகையில் நம்ம மெட்ராஸ் வித்தை!

வெளிநாட்டில் போய் மிருகத்துக்கு வைத்தியம் பார்க்கும் பழக்கமும் நேற்று வந்ததல்ல. 1930-ல் கணவரோடு எகிப்தின் கெய்ரோவுக்குப் போனார் டோரதி புரூக் என்ற இங்கிலாந்துப் பெண்மணி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உழைத்த குதிரைகள், போர் முடிந்ததும் அங்கேயே விற்கப்பட்டு, எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. 1931-ல் லண்டன் பத்திரிகைக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தால் பணம் குவிந்தது. சுமார் 5 ஆயிரம் குதிரைகளை விலை கொடுத்து மீட்டார். 1934-ல் ஏழை வண்டிக்காரர்களின் குதிரை, கழுதைகளுக்கு இலவச ஆஸ்பத்திரியே தொடங்கினார். குதிரை படுத்தால் வண்டிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது என்பதைப் புரிந்துகொண்ட அம்மா அவர்.

குறையும் உண்டு

எல்லாமே சர்க்கரை அல்ல. காசு கட்டினால் யாரையும் அழைத்துப் போய், அனுபவம் இல்லாதவர் கையில் ஊசியைக் கொடுத்து, சிரித்தபடி போட்டோ எடுத்து அனுப்பும் சுற்றுலாக் கம்பெனிகளும் உலகத்தில் இருக்கின்றன. மனிதருக்கோ மிருகத்துக்கோ தன் நாட்டில் செய்ய அனுமதியில்லாத ஆபரேஷனை ஏழை நாட்டில் செய்து பழகலாம் என்று வருபவர்களும் உண்டு. ஏழை ஊர் என்றால் எதுவும் செய்யலாமா?

இன்னொரு பிரச்சினை, இலவச முகாம் வந்து போனால் உள்ளூர் மாட்டு டாக்டரின் பிழைப்பு என்ன ஆவது? முகாம் போன பிறகு தையல் பிரிந்த நாயை யாரிடம் கொண்டு போவது? இதற்கு ஒரே வழி, முகாமுக்கு முன்னும் பின்னும் அந்த ஊரிலேயே இருக்கும் ஒரு குழுவோடு சேர்ந்து வேலை செய்வதுதான். ஊட்டி போல நிரந்தர மையம் இருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

சட்டமும் இருக்கிறது. 1984-ம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற டாக்டர்தான் இங்கே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். வெள்ளைக்காரர் என்பதற்காகக் கத்தியைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்ப முடியாது.

டாக்டர்கள் பற்றாக்குறை

தெருநாய் விவகாரம் 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது தெரிந்ததே. ஆகஸ்டு 11-ந் தேதி டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன கோர்ட்டு, 22-ந் தேதி அதைத் திருத்தி, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பரில், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. அடைத்தாலும் சரி, விட்டாலும் சரி, கருத்தடை செய்ய ஆள் வேண்டும். இந்த ஆபரேஷனைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்த டாக்டர்கள் நாட்டில் போதவில்லை. அதனால்தான் ஊட்டி மாதிரி மையங்களின் வேலை வெளிநாட்டு மாணவர்களைவிட நம் டாக்டர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

மசினகுடி பக்கம் இன்னொரு கவலையும் உண்டு. அங்கே ஊர் முடிந்தால் முதுமலை காடு. நாய்களிடமிருந்து காட்டு மிருகங்களுக்கும் நோய் தாவும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து செத்தன. சோதித்ததில், நாய்களுக்கு வரும் 'டிஸ்டெம்பர்' வைரஸ் பல சிங்கங்களிடம் இருந்தது. காட்டோர ஊர்களில் நாய்க்கு ஊசி போடுவது புலிக்கும் காவல்தான்.

நாய் கடித்தால் என்ன செய்வது?

இங்கே வரும் வெளிநாட்டுத் தொண்டர்கள் விமானம் ஏறும் முன்பே தங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். நாம் கடிபட்ட பிறகும் யோசிக்கிறோம்!

கடித்ததும் முதல் வேலை, குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். கிருமியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். ரத்தம் வரும் அளவுக்குக் காயம் ஆழமாக இருந்தால், காயத்திலேயே போடும் 'இம்யூனோகுளோபுலின்' மருந்தும் தேவை. அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கூலி போகுமே என்று கடைசி ஊசியை விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். நோய் வெளியே தெரிய ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தெரிந்துவிட்டால் பிறகு எந்த ஆஸ்பத்திரியாலும் அநேகமாகக் காப்பாற்ற முடியாது.

சில தெருநாய்களுக்குக் காது ஓரத்தில் சின்னதாக வெட்டு இருப்பதைப் பார்த்திருக்கலாம். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் நாய்க்கு வலிக்காது. ஆபரேஷன் அன்று தடுப்பூசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது எந்த வருஷம் நடந்தது என்பது காதைப் பார்த்தால் தெரியாது. ஆகவே காது வெட்டிய நாய்தானே என்று சும்மா இருந்துவிடாமல், அது கடித்தாலும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.